ஒரே வீடு... நாலு ரோடு!

சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமா?

கே.கே. நகர் சிவன் பார்க்கில் ஸ்டார்ட் பண்ணி அசோக் பில்லர் வரைக்கும் நடை. அங்கேயிருந்து மெட்ரோவில் நாலே நாலு ஸ்டேஷன், கோயம்பேடு வந்துடும். அவ்வளவுதான் டூர்! ஆனா, நடுவுல டொரன்டோ, லண்டன், ஜெனிவான்னு மூணு ஊரையும் தொட்டுட்டு வரப் போறோம். ‘அப்போ விசா எடுக்கணுமா?’ன்னு கேக்குறீங்களா... மேட்டரே அதுதான் பாஸ்!

முதல்ல ஏரியா இன்ட்ரோ. ‘கலைஞர் கருணாநிதி நகர்’னு முழுப் பேரைச் சொன்னா ஆட்டோ அண்ணனே ஒரு செகண்ட் முழிப்பார். ஹவுஸிங் போர்டு ஏரியாங்கிறதால இங்கே நிறைய தெருவுக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். ‘எத்தனாவது செக்டார், எத்தனாவது தெரு’ன்னு கணக்குப் பரீட்சை எழுதிட்டுத்தான் சொந்தக்காரங்களே வீட்டுக்கு வந்து சேருவாங்க. காலையில் பார்க்கில் கையை வீசி நடக்குற தாத்தாக்கள், இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு ஓடுறவங்க, பி.டி. ராஜன் சாலையில் ஸ்கூல் வேன் ஹாரன், டீக்கடையில் ‘இந்த வருஷம் நம்ம படம் கன்ஃபார்ம்’னு அஞ்சு வருஷமா சொல்ற அசிஸ்டென்ட் டைரக்டர் அண்ணன்கள்...

இந்தச் சத்தத்துக்கு நடுவுல கொஞ்சம் காதைத் தீட்டி வெச்சுக்கிட்டா இன்னொரு தமிழும் கேட்கும். ‘ஓம்’, ‘எங்கட’, ‘கதைக்கிறது’... யாழ்ப்பாணத் தமிழ்! எங்க மாடி வீட்டிலும் அதுதான். பத்து வருஷமா அவங்க மேலே, நாங்க கீழே. ஒரு அம்மா, ஒரு அப்பா, என் வயசுல ஒரு பொண்ணு. முதல் நாளே நான் ‘ஆன்ட்டி’ன்னு கூப்பிட, “ஆன்ட்டி வேண்டாம் தம்பி, மாமி எண்டு கூப்பிடு”ன்னு சொல்லிட்டாங்க. அன்னையிலேர்ந்து மாமி.

நான் செஞ்ச கேவலமான காரியம்

போன மே மாசம். எங்க காலேஜ் பசங்க ஆறேழு பேர் சேர்ந்து, மே 18 அன்னிக்கு முள்ளிவாய்க்கால் நினைவுக் கூட்டம் ஒண்ணுக்குப் போறதா பிளான். நானும் ரொம்ப ஃபீலாகி, மாடி வீட்டுத் தோழியைக் கூப்பிட்டேன். “நான் வரலை”ன்னா. ஏன்னு கேட்டேன். “சும்மா, வரலை”ன்னா. எனக்கு சுர்ருனு ஏறிடுச்சு. “உங்க சனத்துக்காக நாங்க போய் நிக்கிறோம். நீ வீட்ல உட்கார்ந்து சீரியல் பாரு!”ன்னு சொல்லிட்டேன்.

அவ ஒண்ணும் சொல்லலை. கதவைக்கூட அடிச்சுச் சாத்தலை. மெதுவாத்தான் சாத்தினா. அதுக்கப்புறம் ரெண்டு வாரம் என்கிட்ட பேசவே இல்லை.

ரெண்டு வாரம் கழிச்சு மாமி கூப்பிட்டாங்க. பால் இல்லாத பிளேன் டீ, கடிச்சுக் குடிக்க ஒரு துண்டு சர்க்கரை. “கோவம் இல்லை தம்பி. உனக்குத் தெரியேல்ல, அவ்வளவுதான்”னு ஆரம்பிச்சாங்க. அந்த ஒரு டம்ளர் டீயில்தான் நான் உலகத்தைச் சுத்தினேன். வாங்க, உங்களையும் கூட்டிட்டுப் போறேன்.

ஒரு குடும்பம், நாலு ஊரு

மாமி கூடப் பிறந்தவங்க மூணு பேர். சுன்னாகத்துல ஒரே வீட்டுல, ஒரே கிணத்துத் தண்ணி குடிச்சு வளர்ந்த நாலு பேர். 1983 ஜூலைக் கலவரத்துக்கு அப்புறம் குடும்பம் சிதற ஆரம்பிச்சது. அண்ணன் கனடா போய் டொரன்டோ பக்கத்துல ஸ்கார்பரோவில் செட்டிலானார். தம்பி லண்டன். தங்கச்சி கல்யாணமாகி ஸ்விட்சர்லாந்தில் பெர்ன். மாமி மட்டும் 1990-ல், கரெக்டா என் வயசுல, அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் படகுல ராமேஸ்வரம் வந்து இறங்கி, மண்டபம் முகாமைப் பார்த்து, அப்புறம் அண்ணன் அனுப்பின காசுல சென்னை வந்து சேர்ந்தாங்க.

இப்போ 2009-க்கு வாங்க. வன்னியில் கடைசிக் கட்டப் போர். செய்தி ஒண்ணுதான், துக்கம் ஒண்ணுதான். நாலு பேரும் என்ன செஞ்சாங்கன்னு பாருங்க.

ஸ்டாப் 1, டொரன்டோ: 2009 ஜனவரி 30. உறையுற குளிர்ல டவுன்டவுனில் பெரிய மனிதச் சங்கிலி. பெரியண்ணன் ஃபேக்டரி ஷிஃப்ட்டை மாத்திக்கிட்டு அதுல நின்னார். மே 10 அன்னிக்கு, அங்கே அன்னையர் தினம், ஆயிரக்கணக்கான தமிழர்கள் கார்டினர் எக்ஸ்பிரஸ்வேங்கிற நெடுஞ்சாலை மேலேயே ஏறி உட்கார்ந்துட்டாங்க. நம்ம கத்திப்பாரா மேம்பாலத்தைச் சாயங்காலம் அஞ்சாறு மணி நேரம் மறிச்சா எப்படி இருக்கும்... அப்படி! அண்ணன் பையனும் அந்தக் கூட்டத்தில். எதிர்க்கட்சியான லிபரல் கட்சியின் தலைவர் மைக்கேல் இக்னாட்டிஃப் தரப்பிலிருந்து ‘நாங்க இதை எழுப்புறோம்’னு வாக்குறுதி வந்த பிறகுதான் எழுந்தாங்க.

ஸ்டாப் 2, லண்டன்: ஏப்ரல் 6-ம் தேதி பார்லிமென்ட் சதுக்கத்தில் உட்கார்ந்தவங்க ஜூன் வரைக்கும், 73 நாள் எழுந்திருக்கலை. ஏப்ரல் 11 பேரணிக்கு வந்தது ஒரு லட்சம் பேர்னு போலீஸ் கணக்கே சொல்லுது. தம்பி வேலை முடிஞ்சதும் நேரா அங்கே. ராத்திரி பூரா கோஷம், காலையில திரும்ப வேலை.

ஸ்டாப் 3, ஜெனிவா: ஐ.நா. அலுவலகத்துக்கு எதிரே ஒரு பெரிய மர நாற்காலிச் சிலை இருக்கும். 12 மீட்டர் உயரம், ஒரு கால் உடைஞ்சு நிக்கும். கண்ணிவெடிக்கு எதிராக 1997-ல் வெச்சது. பெர்னிலிருந்து கைக்குழந்தையோட ரயில் ஏறி தங்கச்சி வந்து நின்னது அந்த நாற்காலிக்குக் கீழேதான்.

ஸ்டாப் 4, கே.கே. நகர்: மாமி டி.வி. சவுண்டைக் குறைச்சாங்க. தெருப் பக்க ஜன்னலைச் சாத்தினாங்க. அவ்வளவுதான்.

“அண்ணா றோட்டில, தம்பி றோட்டில, தங்கச்சி றோட்டில. நான் இஞ்ச ரிவிக்கு முன்னால. அழுகை எல்லாருக்கும் ஒண்டுதான் தம்பி. றோட்டுத்தான் ஒண்டில்லை.”

ஓம்ஸ் லா தெரியும்ல?

நான் இன்ஜினீயரிங் பையன். எனக்கு எதையும் ஃபார்முலாவில் சொன்னாத்தான் மண்டையில ஏறும். ஃபர்ஸ்ட் இயர்ல படிச்சது ஞாபகம் இருக்கா? வோல்டேஜ் ஒரே அளவா இருந்தாலும், ரெசிஸ்டன்ஸ் மாறினா கரன்ட் மாறும். இங்கே வோல்டேஜ்னா வலி. கரன்ட்னா ரோட்டுல இறங்குற கூட்டம். கரன்ட் கம்மியா இருக்கிறதைப் பார்த்துட்டு, ‘இவங்களுக்கு வலியே இல்லை’ன்னு நான் முடிவு கட்டிட்டேன். நடுவுல இருக்கிற ரெசிஸ்டன்ஸைப் பார்க்கவே இல்லை.

ஒரு நாட்டுப் பிரச்னைக்காக இன்னொரு நாட்டு ரோட்டில் நிக்கிறதைப் பத்தி உலகம் முழுக்க ஆராய்ச்சி செஞ்சிருக்காங்க. மார்கரெட் கெக், கேத்ரின் சிக்கிங்க்னு ரெண்டு அமெரிக்கப் பேராசிரியைகள் 1998-ல் எழுதின புத்தகத்தில் இதுக்கு ‘பூமராங்’னு பேர் வெச்சாங்க. சொந்த நாட்டு அரசாங்கம் காது கொடுக்கலையா? வெளிநாட்டில் இருக்கிறவங்ககிட்ட சொல்லு. அவங்க தங்களோட அரசாங்கத்தை நெருக்குவாங்க. அந்த அரசாங்கம் திரும்ப வந்து உன் அரசாங்கத்தைத் தட்டும். எறிஞ்ச பூமராங் சுத்தி வர்ற மாதிரி!

சூப்பர் ஐடியாதான். ஆனா, பூமராங் வீச ஒரு கை வேணும், வீசுறதுக்கு ஒரு மைதானம் வேணும், கூட நாலு பேர் வேணும். மாமி கதையை வெச்சு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

ஒண்ணு: கையில என்ன பேப்பர்?

டொரன்டோ அண்ணன் சில வருஷத்துலேயே கனடா குடிமகன் ஆயிட்டார். ஸ்கார்பரோவில் அவரை மாதிரி ஆயிரக்கணக்கான ஓட்டு. அதனாலதான் கட்சித் தலைவர் வரைக்கும் பேச்சு போகுது. 2011-ல் அதே ஸ்கார்பரோவிலிருந்து ராதிகா சிற்சபைஈசன் கனடாவின் முதல் தமிழ் எம்.பி. ஆனாங்க. லண்டன் கதை இன்னும் ஆச்சர்யம். காமன்வெல்த் நாட்டுக்காரங்க சட்டப்படி அங்கே குடியிருந்தா, பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாமலேயே ஓட்டுப் போடலாம்! இலங்கைக்காரங்க மட்டுமில்லை, எம்.எஸ். படிக்க நாளைக்கு லண்டன் போகப்போற நீங்களும்தான்.

இப்போ மாமி. 35 வருஷமா இந்த ஊர்ல வாடகை கொடுத்து, கரன்ட் பில் கட்டி, தக்காளி விலைக்குத் திட்டி வாழுறாங்க. ஆனா சட்டத்தின் கண்ணில் அயல்நாட்டவர். இந்தியா 1951-ம் வருஷத்து ஐ.நா. அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலை, அகதிகளுக்குன்னு தனிச் சட்டமும் இல்லை. 1983-லேர்ந்து தமிழ்நாட்டுக்கு வந்த ஈழத்தமிழர்கள் 3 லட்சத்துக்கும் மேல். 2021-ல் தமிழக அரசு சட்டசபையில் சொன்ன கணக்குப்படி முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர், முகாமுக்கு வெளியே போலீஸ் ஸ்டேஷனில் பதிவு செஞ்சு வாழுறவங்க சுமார் 34 ஆயிரம் பேர். மாமி குடும்பம் இந்த ரெண்டாவது கணக்கு. ‘வெளிப்பதிவு’னு சொல்வாங்க.

ஊர்வலத்துல போய் நின்னு, ஒரு போட்டோவில் முகம் விழுந்து, நாளைக்கு ஸ்டேஷனில் ‘ஏம்மா, உனக்கு எதுக்கு இது?’ன்னு ஒரு கேள்வி வந்தா? கேள்வி வரும்னு இல்லை. வந்தா பதில் சொல்ல கையில எதுவும் இல்லை, அதுதான் பயம். “எங்களைப் பிடிச்சு அனுப்பினா அம்மாவை ஆர் பாக்கிறது?”னு மாமி கேட்டாங்க. அப்போ அவங்க அம்மா படுத்த படுக்கை.

என் தோழி பிறந்தது சென்னையில். பேசுறது என்னைவிட நல்ல மெட்ராஸ் பாஷை. ஆனா, 1987 ஜூலைக்கு முன்னாடி இங்கே பிறந்திருந்தாத்தான் பிறப்பாலேயே குடியுரிமை. அதுக்கப்புறம் சட்டம் படிப்படியா இறுகி, 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்தவங்களுக்கு அப்பா, அம்மாவில் ஒருத்தராவது இந்தியரா இருக்கணும், இன்னொருத்தர் சட்டவிரோதமா வந்தவரா இருக்கக்கூடாதுன்னு ஆயிடுச்சு. அவ பிறந்தது அதுக்கப்புறம்! ஒரே தெரு, ஒரே வயசு. எனக்கு வோட்டர் ஐ.டி. இருக்கு, அவளுக்கு இல்லை. அந்தப் பொண்ணைப் பார்த்துத்தான் நான் அந்த டயலாக் விட்டேன்.

ரெண்டு: ரோடு யாருது?

கொஞ்சம் நடந்துக்கிட்டே பேசுவோமா? இதோ, அசோக் பில்லர் வந்தாச்சு. நாலு சிங்கமும் நாலு பக்கம் பார்க்குது. நாம ஒரே ஒரு பக்கம்தான் பார்த்துட்டு இருந்தோம்.

‘மாமிக்கு பேப்பர் இல்லை, ஓகே. தமிழ்நாட்டுக்காரங்க நமக்குத்தான் பேப்பர் இருக்கே?’ன்னு நீங்க கேட்கலாம். கரெக்ட். 2008 அக்டோபர் 24-ல் கொட்டுற மழையில் சென்னையில் மனிதச் சங்கிலி நடந்தது. மாமி அன்னிக்கு ஒரு கடை ஷட்டருக்குக் கீழே ஒதுங்கி நின்னு பார்த்தாங்களாம். சங்கிலிக்கும் அவங்களுக்கும் நடுவுல பத்தடி. “அந்தப் பத்தடியைத் தாண்ட ஏலேல்ல”ன்னாங்க. 2009 ஜனவரி 29-ல் சாஸ்திரி பவன் எதிரே முத்துக்குமார் என்ற இளம் பத்திரிகையாளர் தீக்குளிச்சு இறந்தார். மாணவர்கள் கொந்தளிச்சாங்க. அரசு கல்லூரிகளைக் காலவரையின்றி மூடிச்சு. “ஆர் பெத்த பிள்ளையோ... ஒரு பிள்ளையும் எங்களுக்காக அப்பிடிச் சாகக் கூடாது”ன்னு மாமி இன்னிக்கும் சொல்றாங்க.

ஆனா, 1983-ல் மாநிலமே ஸ்தம்பிச்ச மாதிரி 2009-ல் ஏன் ஆகலை? நடுவுல 1991 இருக்கு. மே 21, ஸ்ரீபெரும்புதூர், ராஜீவ் காந்தி படுகொலை. 1992-ல் விடுதலைப்புலிகளுக்கு இந்தியாவில் தடை. அதுக்கப்புறம் ‘ஈழம்’ங்கிற வார்த்தையைச் சொல்றதுக்கே இங்கே தொண்டை கட்டிக்கிச்சு. 2002-ல் திருமங்கலத்தில் பேசின ஒரு பேச்சுக்காக வைகோ பொடா சட்டத்தில் 19 மாசம் சிறையில் இருந்தார். ஒரு தலைவருக்கே அதுதான் நிலைமைன்னா, காலேஜ் பையன் யோசிப்பானா, மாட்டானா?

தடை மட்டும்தான் காரணம்னா லண்டனிலும் கூட்டம் வந்திருக்கக் கூடாது. பிரிட்டன் 2001-ல், கனடா 2006-ல் புலிகளைத் தடை செஞ்சாச்சு. ஆனா அங்கே இயக்கத்துக்குத் தடைன்னா இயக்கத்துக்குத்தான், ‘போரை நிறுத்து’ன்னு தமிழன் ரோட்டில் கத்துறதுக்கு இல்லை. ஸ்விட்சர்லாந்தில் தடையே கிடையாது. அங்கே பல பேருக்கு அப்போ குடியுரிமையும் கிடையாது. இருந்தும் கூட்டம் வந்தது. அப்போ பேப்பர் மட்டும் போதாது, ரோடும் முக்கியம்னு புரியுது இல்லையா?

நம்ம ஊர் ரோடு? சென்னையில் கூட்டம், ஊர்வலம்னா சிட்டி போலீஸ் சட்டப்படி அஞ்சு நாள் முன்னாடியே அனுமதி கேட்கணும். வள்ளுவர் கோட்டம், சேப்பாக்கம்னு சில இடங்கள்தான் வழக்கம். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினா நிரம்பி வழிஞ்சது. அதே வருஷம் மே 21-ல் அதே மெரினாவில் ஈழத்துக்காக மெழுகுவத்தி ஏத்தப் போன மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தி கைதாகி, குண்டர் சட்டம் பாய்ஞ்சது. செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செஞ்சது. அதே பீச், அதே மணல், நாலே மாசத்துல ரெண்டு ரூல்!

இன்னும் கிழக்கே போனா, சிங்கப்பூரில் போலீஸ் பர்மிட் இல்லாம கூட்டம் சேர முடியாது. ஹாங் லிம் பார்க்குங்கிற ஒரே இடத்தில் மட்டும் விலக்கு, அதுவும் அந்த ஊர்க்காரங்களுக்குத்தான். அங்கே கட்டட வேலை செய்யுற நம்ம தஞ்சாவூர் அண்ணனுக்கு இல்லை. வளைகுடாவைப் பத்தி சொல்லவே வேணாம், கோஷம் போட்டா அடுத்த ஃப்ளைட். அதுக்காக அங்கே இருக்கிறவங்களுக்கு வலிக்கலைன்னு சொல்லிட முடியுமா?

சில சமயம் வலி ரெசிஸ்டன்ஸையே உடைச்சுடும், அதுவும் உண்மை. 2007 நவம்பர் 25-ல் மலேசியத் தமிழர்கள் பிரிட்டிஷ் ராணிக்கு மனு கொடுக்கணும்னு ஹிண்ட்ராஃப் தலைமையில் கோலாலம்பூரில் ஆயிரக்கணக்கில் திரண்டாங்க. கண்ணீர்ப்புகை, தண்ணிப் பீச்சல், அடுத்த மாசம் அஞ்சு தலைவர்கள் விசாரணையே இல்லாம சிறை. ஆனா அது அவங்க சொந்த வாழ்க்கைக்கான போராட்டம். இழக்க வேண்டியதை இழந்து முடிச்சவங்க.

மூணு: கூட யாரு?

‘அண்ணே, நீங்களே தனியா முடிவு பண்ணி கார்டினர் ஹைவே வரைக்கும் போனீங்களா?’ன்னு டொரன்டோ மாமாகிட்ட வீடியோ காலில் கேட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சார். ஊர்ச் சங்கம், கோயில், பிள்ளைகளின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, யாழ் இந்துக் கல்லூரி மாதிரி பள்ளிகளின் பழைய மாணவர் சங்கம், தமிழ் ரேடியோ... ஒரு போன் போட்டா அம்பது கார் கிளம்புமாம். பொங்கல் விழாவுக்கு சேர் போட்ட அதே பசங்கதான் ஊர்வலத்துக்குத் தண்ணி பாட்டிலும் தூக்கினாங்க.

இந்த நெட்வொர்க்குக்கு இன்னொரு முகமும் உண்டு. லண்டனிலும் டொரன்டோவிலும் தமிழ்க் குடும்பங்களைப் புலிகளின் ஆட்கள் மிரட்டிக் காசு வாங்கினாங்கன்னு 2006-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் ஒரு அறிக்கையே வெளியிட்டது. வந்தவங்க எல்லாரும் ஒரே மனசோட வந்தாங்கன்னும் சொல்ல முடியாது. ஆனா, கூப்பிட ஆள் இருந்தது.

கே.கே. நகரில்? வெளிப்பதிவில் இருக்கிற குடும்பங்கள் ஒரு தெருவில் ஒண்ணு, அடுத்த செக்டாரில் ஒண்ணு. சங்கம் வைக்கிறதே வம்பு. மாமிக்கு அவங்க சனத்தைப் பார்க்கிற இடம் கல்யாணமும் கருமாதியும்தான்.

நாலு ஸ்டேஷன் தள்ளி...

அசோக் நகர் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறியாச்சு. வடபழனி, அரும்பாக்கம், பஸ் ஸ்டாண்டு, அடுத்தது கோயம்பேடு. இறங்குங்க.

2013 மார்ச் 8. நம்ம வயசுப் பசங்க, லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர், இந்தக் கோயம்பேட்டில்தான் உண்ணாவிரதம் உட்கார்ந்தாங்க. மூணு நாள் கழிச்சு போலீஸ் அவங்களை அப்புறப்படுத்துச்சு. அதோட முடியும்னு நினைச்சா, அங்கேதான் ஆரம்பம்! மாநிலம் முழுக்கக் கல்லூரி கல்லூரியா பத்திக்கிச்சு. அரசு மறுபடி கல்லூரிகளை மூடிச்சு. மார்ச் 19-ல் தி.மு.க. மத்திய ஆட்சியிலிருந்து வெளியே வந்தது. 21-ம் தேதி ஜெனிவாவில் ஐ.நா. மனித உரிமை கவுன்சிலில் இலங்கை மேல தீர்மானம், 25-க்கு 13-ன்னு ஜெயிச்சது. இந்தியாவும் ஆதரிச்சு ஓட்டுப் போட்டது. 2009 மே மாசம் இதே கவுன்சிலில் இலங்கையைப் பாராட்டுற தீர்மானத்தை ஆதரிச்ச அதே இந்தியா!

முழு கிரெடிட்டும் மாணவர்களுக்குன்னு சொல்ல மாட்டேன். அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானம் அது, 2012-லேயே இந்தியா ஆதரிச்சாச்சு, 2014-ல் ஓட்டே போடாம ஒதுங்கிக்கிச்சு. லண்டன், டொரன்டோ கூட்டங்களாலும் 2009 போரை நிறுத்த முடியலை. ஆனா, டெல்லியைத் தட்ட சென்னை ரோட்டுக்கு ஒரு வலு உண்டுன்னு 2013 காட்டிச்சு. அந்த வலு எங்கேயிருந்து வந்தது? அந்த எட்டுப் பேர் பாக்கெட்டிலும் இருந்த அடையாள அட்டையிலிருந்தும்தான். அடி விழலாம், கேஸ் வரலாம். ஆனா நாட்டை விட்டுத் தூக்கிடுவாங்கன்னு பயம் இல்லை.

“அப்போ நீங்க என்ன செஞ்சீங்க மாமி?”

“ஒண்டும் செய்யேல்லத் தம்பி. அந்தப் பொடியள் எங்களுக்காகப் பட்டினி கிடக்கிறாங்கள், எனக்குச் சோறு இறங்கேல்ல. மூண்டு நாள் நானும் வீட்டுக்குள்ள சாப்பிடாமல் இருந்தனான். இவருக்கே தெரியாது. அடுப்படியில வேலை எண்டு சொல்லிச் சமாளிச்சிட்டன்.”

நான் டீ டம்ளரைக் கீழே வெச்சுட்டேன். கோயம்பேட்டில் எட்டுப் பேர்னுதான் எல்லாரும் சொல்றாங்க. எனக்கு இப்போ ஒன்பது.

ரிட்டர்ன் டிக்கெட்

திரும்ப வந்து மாடிக்குப் போனேன். தோழிகிட்ட ஸாரி சொன்னேன். ஸாரி சொல்றது ஈஸி, அதுக்கப்புறம் என்ன பேசுறதுன்னுதான் தெரியலை. “இனிமே உன்னைக் கூப்பிட மாட்டேன்”னேன்.

“லூசு! கூப்பிடாதேன்னா சொன்னேன்? வர முடியலைன்னா என்னைத் திட்டாதேன்னுதான்...” கொஞ்ச நேரம் கழிச்சு அவளே கேட்டா. “நீ ஓட்டுப் போடுவேல்ல? எங்க மாமாங்க டொரன்டோவிலேர்ந்து வன்னிக்காகக் கத்தினாங்க. நீ ஏன் கே.கே. நகருக்காகக் கத்த மாட்டேங்கிற? ஓட்டுக் கேட்டு வர்ற எம்.பி.கிட்ட என்னைப் பத்திக் கேளேன்.”

பளார்னு அறைஞ்ச மாதிரி இருந்தது. ஆமாம்ல? 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான்னு மூணு நாடு இருக்கு, இலங்கை இல்லை. 2025-ல் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செஞ்ச இலங்கைத் தமிழர்களுக்கு பாஸ்போர்ட், விசா இல்லாததுக்கான தண்டனையிலிருந்து விலக்கு கொடுத்தது. நல்ல விஷயம். ஆனா அது குடியுரிமை இல்லை. 2024 மக்களவைத் தேர்தலில், திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழுற ஒரு பெண் முதல்முறையா ஓட்டுப் போட்டாங்க. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்தவங்க. கோர்ட்டுக்குப் போய்த்தான் வாங்கினாங்க. 1987 ஜூலைங்கிற கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்தவங்களுக்கு? நம்ம வயசுக்காரங்களுக்கு?

ஈழம்னா கடல் தாண்டி எங்கேயோன்னு நினைச்சு, நான் மெழுகுவத்தி தேடி ஊரெல்லாம் அலைஞ்சேன். அது எங்க வீட்டு மாடிப்படியில உட்கார்ந்து பி.காம். படிச்சுக்கிட்டு இருந்திருக்கு.

ஸோ ஃப்ரெண்ட்ஸ்... அடுத்த தடவை உங்க கிளாஸ்ல ஒருத்தர் போராட்டத்துக்கு வரலைன்னா, ‘இவனுக்கு உணர்வே இல்லை’ன்னு ஸ்டேட்டஸ் போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. காஷ்மீர்லேர்ந்து வந்த பையனா இருக்கலாம், திபெத்லேர்ந்து வந்த பொண்ணா இருக்கலாம், ஸ்காலர்ஷிப் போயிடுமோன்னு பயப்படுற உங்க பெஞ்ச்மேட்டா இருக்கலாம். அவங்க மனசுல என்ன வோல்டேஜ் ஓடுதுன்னு கரன்ட்டை மட்டும் அளந்து கண்டுபிடிக்க முடியாது.

நான் இப்போ ஒரு லெட்டர் எழுதிக்கிட்டு இருக்கேன், எங்க தொகுதி எம்.பி.க்கு. ரெண்டு பக்கம் வந்திருக்கு. ஸ்பெல்லிங் மிஸ்டேக் திருத்துறது யாருன்னு நினைக்கிறீங்க?

மாடி வீட்டு மேடம்தான். கையெழுத்து மட்டும் என்னோடது!